கரட்டைக் கிண்ணமாக்கிய வருடம்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன தொழில் பண்றீங்க" என்று கேட்டால், ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாத தொழில் என்னுடையது. உங்களில் சிலருக்கும் அப்படி ஒன்று இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர், வக்கீல், லாரி ஓனர் போன்ற ஒரே சொல் தொழிலில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் பூமியின் மேடுபள்ளத்தை அளந்து வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு மலையையோ ஏரியையோ கிண்ணமாகவும் ஜாடியாகவும் வளைக்கிறேன். ஒரு மிஷின் அதைப் படித்து, பீங்கான் களிமண்ணை முறுக்குப் பிழிவது போல மெல்லிய இழையாகப் பிழிந்து, சுற்றுக்கு மேல் சுற்றாக அடுக்கும். காய்ந்ததும் கண்ணாடிப் பூச்சு பூசி, கரண்ட் சூளையில் சுட்டெடுத்தால் பாத்திரம். இதற்குள் உங்கள் இலையில் ரசம் ஊற்றியிருப்பார்கள்.

பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் ஒரு வரைபடக் கம்பெனியில் அடுத்தவர் நாட்டு மலைகளை அளந்துகொண்டிருந்தேன். நாற்பத்தேழாவது வயதில், திரையில் மட்டும் பார்த்த மேடுபள்ளத்தைக் கையால் தொட வேண்டும் என்று தோன்றியது. தோன்றுவது சுலபம். சங்ககிரி பக்கம் ஒரு பழைய விசைத்தறிக் கூடத்தைப் பிடித்தேன். என் மனைவி மாலதி கணக்கு டீச்சர். எடப்பாடியில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த கையோடு எனக்கு ஒரு பரீட்சையும் வைத்தாள். அடுத்த ஆடிப் பதினெட்டுக்குள், சொந்தக்காரர் அல்லாத ஒரு வீட்டில், நான் செய்த பாத்திரம் ஒன்றைத் தினமும் ஒரு வேலைக்காவது புழங்க வேண்டும். ஷோகேஸில் வைத்தால் மார்க் கிடையாது. அப்படி ஒரே ஒரு வீடு இல்லாமல் போனால், மிஷினை மூடிவிட்டு பெங்களூரில் நண்பர் காலியாக வைத்திருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்து மறுபடி மலை அளக்க வேண்டும். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஊரில் ஒரு வீடு கிடைக்காதா?

நாலு மலை, ஒரு தட்டு

முதல் பாத்திரத்துக்கு சங்ககிரியிலிருந்து பள்ளிபாளையம் வரைக்குமான நிலத்தை எடுத்துக்கொண்டேன். குன்றுகள், காவிரி, கரை, வயல் எல்லாம் சேர்ந்து ஆழமான ஒரு கிண்ணம் வரும் என்று நினைப்பு. மிஷின் ஒன்றரை மணி நேரம் ஓடி எனக்கு ஒரு தட்டைக் கொடுத்தது. ஓரத்தில் கொசு கடித்த தடிப்பு போல ஒரு புடைப்பு. அதுதான் சங்ககிரி மலை. மற்ற மூன்று குன்றுகளைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கணக்கில் பிழையோ என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. அத்தனை பெரிய சமவெளியை ஒரு சாணுக்குள் அடக்கினால் கோட்டை கட்டிய மலையும் தடிப்புதான். அன்றிலிருந்து உயரத்தை மட்டும் பத்தால் பெருக்கிக்கொள்ளக் கற்றேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான் இது.

இந்த இடத்தில் சரசக்காவைச் சொல்ல வேண்டும். இதே கூடத்தில் பதினெட்டு வருடம் தறி ஓட்டியவர். தறிகளை விற்றபோது எல்லோரும் போனார்கள், இவர் போகவில்லை. என்னிடமே வேலைக்குச் சேர்ந்துகொண்டார். தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மரியாதை குறையாமல் கேட்டார்: "நம்மூரு தரை தட்டுனு எங்களுக்கே தெரியுமுங்களே சார், இதுக்கு எதுக்குங்க சாட்டிலைட்டு?"

முடிச்சு

மிஷின் பிழிகிற களிமண் இழை நடுவில் காற்றுக் குமிழி வந்தால் அறுந்துபோகும். அறுந்தால் அந்தப் பாத்திரம் அவ்வளவுதான், எடுத்துப் பிசைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரசக்காவிடம் மிஷினை ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் மண் வாங்க அலைந்தேன். திரும்பி வந்தால் பன்னிரண்டு ஜாடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட வீணாகவில்லை. எனக்கே ஒரு வாரத்தில் ஏழுதான் தேறும்.

கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஜாடியிலும் அங்கங்கே கடுகளவு உருண்டைகள். இழை அறுந்த இடத்தில் எல்லாம் மிஷினை நிறுத்தி, இரண்டு நுனியையும் நூலை முடிவது போல விரலால் முறுக்கி முடிந்து, மறுபடி ஓட விட்டிருக்கிறார். களிமண்ணில் முடிச்சுப் போட முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சென்னையில் ஒரு கண்காட்சியில் வைத்தேன். ஒரு அம்மாள் அந்த முடிச்சுகளைப் போட்டோ எடுத்து, பாறைகளை எவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று கண் கலங்கி, இரண்டை வாங்கிப் போனார். விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரியில் வைப்பாராம். மாலதி மார்க் போடவில்லை. சரசக்காவிடம் வந்து சொன்னேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார்: "தறியில ஒரு முடிச்சு தெரிஞ்சா எங்க ஓனர் பீஸையே தூக்கிக் கடாசுவாருங்க, இந்தம்மா அலமாரில வெக்கறாங்களாக்கும்."

பிரஷர்

களிமண்ணைத் தள்ளுவது ஒரு சின்ன கம்ப்ரசர். மாசி மாதம் அது இருமத் தொடங்கியது. கம்பெனிக்கு எழுதினால், ஆள் வர ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. ஆடிப் பதினெட்டு எனக்காகக் காத்திருக்காது. கம்ப்ரசருக்கு நம் பக்கம் ஆளா இல்லை? திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகளின் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். ராஜஸ்தான் வரைக்கும் போய், ஆயிரம் அடி பாறையில் சிக்கிய வண்டிகளைச் சரிசெய்தவர். மிஷினைச் சுற்றி வந்து, எத்தனை அடி போகும் என்று கேட்டார். ஒரு அடி என்றேன். கீழேயா என்றார். மேலே என்றேன். அவர் மிஷினை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

மதியத்துக்குள் தன் பையிலிருந்து ஏதோ ஒரு வால்வை மாட்டி, ஆன் பண்ணச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் மெதுவாக எழும்ப வேண்டிய சேர்வராயன் மலை, ஒரு நொடியில் மொத்தமாகப் புறப்பட்டு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. சரசக்காவின் சோற்றுப் போசியிலும் கொஞ்சம் மலை இருந்தது. மெக்கானிக் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரஷர் பத்துலைன்னுதானுங்களே கூப்புட்டீங்க?"

எழுபது வளைவு

ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர் வந்து கொல்லிமலைப் பாதையை ஒரு டம்ளராகச் செய்து தரச் சொன்னார். முப்பது வருடம் அந்த எழுபது கொண்டை ஊசி வளைவில் லோடு ஏற்றி இறக்கியவர். டீ குடிக்க என்றும் சொன்னதால், இதோ மாலதி கேட்ட வீடு என்று முடிவு செய்துவிட்டேன். பாதை ஒரு பள்ளமாக டம்ளரைச் சுற்றிச் சுற்றி ஏறி விளிம்பில் முடியும்படி இருபது நாள் உழைத்தேன்.

வாங்கிக்கொண்டவர், அடியில் ஆள்காட்டி விரலை வைத்தார். வாயால் வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, ஆரன் அடித்து, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். தினமும் காலையில் ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப் என்று அவர் மனைவி பிறகு போனில் சொன்னார். டீ மட்டும் பழைய எவர்சில்வர் டம்ளரில்தானாம், ரோட்டில் டீ சிந்தினால் வண்டி வழுக்குமாம். அது ஓட்டுவது, குடிப்பது ஆகாது என்று மாலதி தீர்ப்பளித்தாள். ஆனால் அன்று பட்டறையில் முதல் டிரிப் முடித்ததும் அவர் குறையாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாஞ் செரிங்க, பாதி மலைல ஒரு டீக்கடை இருக்கோணுமே, அதை எங்க உட்டீங்க?"

உத்தரவு

பங்குனியில் குப்பண்ணன் வந்தார். எடப்பாடியைத் தாண்டி ஊசிக்கரடு என்று ஒரு ஊர். அவர் அங்கே ஊர்ப் பெரியதனக்காரர். கரடு என்றால் எங்கள் பக்கம் மொட்டைப் பாறைக் குன்று. அந்தக் கரட்டின் உச்சியில் சின்னதாக ஒரு முருகன் கோயில். சித்திரையில் கும்பாபிஷேகம். கோயில் வரி கொடுத்த முப்பது குடும்பத்துக்கும் நினைவுப் பொருள் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் எவர்சில்வர் குடம் கொடுத்துவிட்டார்கள், அதை மிஞ்ச வேண்டும். முப்பது வீடு என்று காதில் விழுந்ததுமே மிஷினை ஓடவிட்டேன். கரட்டையே கிண்ணமாகச் செய்து மாதிரி காட்டினேன்.

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, சாமி எங்கே என்று கேட்டார். ஒரு மலையைக் கவிழ்த்தால்தான் கிண்ணம் கிடைக்கும், ஆகவே உச்சி கீழே இருக்கிறது என்று விளக்கினேன். சாமியைத் தலைகீழாக நிறுத்தி அதன்மேல் சோறு போடுவதா என்று எழுந்துவிட்டார். தடுத்து உட்கார வைத்து, வேறு வழி சொன்னேன்: அகலமான கிண்ணம், அடியில் சமவெளி, நடுவில் கரடு நிமிர்ந்து நிற்கும். அவருக்கு அரை மனது. சாமியைக் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் கேட்பது என்றால், கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டு, பல்லி சொல்கிறதா என்று காத்திருப்பது. ஃபேனை நிறுத்தினோம். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை, சரசக்காவும் சேர்த்து மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சாதாரண நாளில் சோற்றில் விழுகிற பல்லிகளில் ஒன்றைக்கூடக் காணோம். குழாயில் அடைத்த களிமண் காய்ந்துவிடும் என்ற பயத்தில், மிஷினின் மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் பட்டனை மெல்ல அழுத்தினேன். மோட்டார் "டிச் டிச் டிச்" என்றது.

குப்பண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மிஷின் வடக்கு மூலையில் இருந்தது, வடக்கே சொன்னால் ரொம்ப விசேஷமாம். எனக்கு ஆர்டர் வேண்டும்தான். ஆனாலும் சாமி விஷயத்தில் பொய் சொல்லப் பயந்து, அது பல்லி இல்லை, மோட்டார் என்று ஒப்புக்கொண்டேன். அவர் அசையவில்லை: "எதுல சொன்னா என்னங்க, கேட்ட நேரத்துக்குச் சொல்லுச்சுல்ல."

இருபத்தொன்பது வீடு

முப்பது கிண்ணமும் போய்ச் சேர்ந்தன. கும்பாபிஷேகம் முடிந்தது. மூன்று மாதம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். முப்பது வீட்டில் ஒருவராவது அதில் புளியாவது கரைத்திருக்க மாட்டாரா? ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலதி ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் நான். அவள் கைப்பையில் குப்பண்ணன் கொடுத்த பெயர்ப் பட்டியல், ஒரு சிவப்புப் பேனா.

முதல் வீட்டில் கிண்ணம் பூஜை அலமாரியில் இருந்தது. கரட்டுக்குத் திருநீற்றுப் பட்டை, உச்சியில் குங்குமம். இரண்டாவது வீட்டில் உச்சிக்கு ஒரு குட்டி வேல் செய்து ஒட்டியிருந்தார்கள். ஐந்தாவது வீட்டில் அடிவாரத்திலிருந்து தீக்குச்சியால் படிக்கட்டு. ஒன்பதாவது வீட்டில், முழங்கால் தேய்ந்து கரடு ஏற முடியாத ஒருவர், கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துத் தினமும் மூன்று சுற்றுச் சுற்றி வருகிறார். எங்களையும் சுற்றச் சொன்னார், சுற்றினோம். வீட்டுக்கு வீடு திருநீறு பூசிப் பூசி என் நெற்றி பாதி மறைந்துவிட்டது. பதினாறாவது வீட்டில் நானே பொறுக்க முடியாமல், இதில் குழம்பு ஊற்றிச் சாப்பிடலாமே, பாத்திரமாகத்தானே செய்தேன் என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கரட்டு மேல கொழம்பு ஊத்தி உங்கறதா சாமி என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இருபத்தொன்பது வீடு முடிந்தது. இருபத்தொன்பது இடத்திலும் கற்பூர வாசனை. வாழ்நாளில் எந்தக் கைவினைஞனுக்கும் இத்தனை மரியாதை கிடைத்திருக்காது. எனக்கோ பெங்களூர் நாற்காலியின் சக்கரம் உருளுகிற சத்தம் காதில் கேட்டது. கும்பிடுவதும் தினசரி உபயோகம்தானே என்று ஸ்கூட்டரின் பின்னாலிருந்து வாதாடிப் பார்த்தேன். மாலதி திரும்பாமலே சொன்னாள்: "கும்பிடறது புழங்கறதுல வராதுங்க."

மரவள்ளிக் காட்டு வீடு

முப்பதாவது பெயர் பழனியம்மா. கோழிப்பண்ணையில் வேலை. ஊர்க் கடைசியில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வெளியிலேயே கட்டிலைப் போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, கோழி விலை, மழை எல்லாம் பேசினார். கிண்ணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. பூஜை அலமாரி வாசலிலிருந்தே தெரிந்தது. அதில் கிண்ணம் இல்லை. மாலதி நேரடியாகவே கேட்டாள். பழனியம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா என்றார். இல்லை என்று மூன்று முறை சொன்ன பிறகு அடுப்படிக்குக் கூட்டிப் போனார்.

அலமாரித் தட்டில் என் கிண்ணம் இருந்தது. சமவெளி முழுக்கத் தண்ணீர். நடுவில் கரடு ஒரு தீவு. கரட்டின் மேல் ஒரு சின்ன நெய்க் கிண்ணம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுவரிலிருந்து இறங்கி வந்த எறும்பு வரிசை ஒன்று, விளிம்பு வரைக்கும் ஏறி, தண்ணீரைப் பார்த்து, யோசித்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஊசி போன்ற உச்சியில் கிண்ணம் எப்படி நிற்கிறது? குனிந்து பார்த்தேன். உச்சி இல்லை. சூளையில் ஒன்றே ஒன்றில் உச்சி விண்டு விழுந்துவிட்டது, அதைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தேன். எண்ணிக்கை குறையக் கூடாது என்று சரசக்கா சத்தமில்லாமல் அதையும் கட்டி அனுப்பியிருக்கிறார். கும்பாபிஷேகத்தன்று பிரித்துப் பார்த்த பழனியம்மா பதறிப்போய்ப் பூசாரியிடம் காட்ட, பின்னமானதற்குப் பூசை கிடையாது, காவிரியில் விட்டுவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார். பூசை இல்லாத கரட்டைக் காவிரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போவானேன் என்று இவர் எறும்புக்குத் தண்ணீர் கட்ட வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் மாற்றுகிறாராம். ஒரு நாள் மாற்ற மறந்ததற்கு நெய் போச்சு என்று அந்தத் தேதியைக்கூடச் சொன்னார்.

மாலதி வெகுநேரம் எறும்புகளைப் பார்த்தாள். பிறகு பட்டியலை எடுத்துக் கடைசிப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, பெங்களூர்க்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணி நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுங்கள் என்றாள். அந்த நேரத்திலும் புத்தி போகிறது பாருங்கள்: உடைந்த சரக்கு ஒன்று என் பெயரில் ஒரு வீட்டில் இருப்பதா என்று ரோஷம் வந்து, உச்சியோடு முழுசாக ஒன்று நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பழனியம்மா அலமாரிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்: "வேண்டாஞ் சாமி, முழுசாக் குடுத்தீங்கன்னா அதையும் கும்புடத்தான் வேணும், அப்பறம் எறும்புக்கு நான் எங்க போவேன்?"

ஆகவே இப்போது நான், செயற்கைக்கோள் அளந்து கொடுத்த மலைகளை இழை இழையாக உச்சி வரைக்கும் கட்டி எழுப்பி, சாமி வந்து உட்கார்ந்துவிடுவதற்குள் உச்சியை நறுக்கி, நெய்க் கிண்ணத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.